மண்டைப் படத்தில் இரண்டாவது புள்ளி

அத்தியாயம் 4

"இது என் தல இல்ல தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே சௌந்தரபாண்டியன் மாடிப்படி ஏறி வந்தார்.

கழுத்துக்கு மேலே தலை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாரியும் இருந்தது. இடது காதுக்கு மேலே வளைந்து போன தையல் தழும்பு மட்டும் எந்தச் சீப்புக்கும் அடங்காமல் தெரிந்தது. அவர் சொன்னது கையில் இருந்த பெரிய காகித உறைக்குள் உள்ள தலையைப் பற்றி.

"உக்காருங்க அண்ணாச்சி. எந்தத் தலையா இருந்தாலும் உக்காந்து பேசலாம்" என்று பத்திரகாளி நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டான்.

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில்தான் அந்தத் துப்பறியும் நிலையம் இருந்தது. பலகையில் சொர்ணத்தாய், பத்திரகாளி என்று இரண்டு பெயர்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். சொர்ணத்தாய் பெண்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெகுகாலம் ஊரார் பேச்சை எல்லாம் காதில் வாங்கி, போதும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தவள். பத்திரகாளிக்கு மீசை உண்டு. அவன் தாத்தா குலதெய்வத்துக்கு ஏதோ நேர்ந்துகொண்டார், தண்டனை பேரனுக்கு விழுந்தது. போனில் யாராவது பத்திரகாளி மேடம் இருக்காங்களா என்று கேட்டால், மேடம் குளிக்கப் போயிருக்காங்க என்று சொல்லி வைத்துவிடுவான்.

வேலை பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பு. மாப்பிள்ளை குடிப்பாரா, ஏற்கெனவே எங்காவது குடும்பம் இருக்கிறதா என்பதற்கு மேல் அந்த மாடிக்கு மர்மம் ஏறி வந்ததில்லை. மண்டை ஓடு ஏறி வருவது இதுவே முதல் தடவை.

"மொதல்ல இருந்து சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் சொர்ணத்தாய்.

சௌந்தரபாண்டியனுக்கு அதைச் சொல்லச் சலிப்பே கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. போன ஜூலையில் ஆபீஸிலேயே தலைவலி என்று சுருண்டு விழுந்தார். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து, மூளை ரத்தக்குழாயைப் பற்றி டீக்கடையில் அவர் சொல்லிக் கேட்காதவர்கள் கோவில்பட்டியில் குறைவு.

"சைக்கிள் டியூப் ஒரு எடத்துல நைஞ்சு போச்சுன்னா முட்டை மாதிரி புடைக்கும்லா. அதே கதைதான் மண்டைக்குள்ள. புடைப்பு வெடிச்சா ஆளு காலி. எனக்கு லேசாக் கசிஞ்சதோட நின்னுட்டு. மண்டையத் திறந்து, புடைப்போட கழுத்துல ஒரு கிளிப்பப் போட்டு இறுக்கிட்டாவ. துணி காயப்போடுற கிளிப்புக்குத் தம்பி மாதிரி இருக்கும். ரத்தம் உள்ள போவாது, புடைப்பு அப்படியே சுருங்கிரும்."

"இப்ப என்ன எடஞ்சல்?"

"ஆறு மாசம் கழிச்சு சரியா மூடியிருக்கான்னு பாக்கணும்னாவ. தொடை வழியாக் குழாய விட்டு, மருந்த மண்டைக்கு ஏத்தி, எக்ஸ்ரே மாதிரி எடுக்காவ. ஆஞ்சியோகிராம். போன வாரம் எடுத்தாச்சு. டாக்டர் படத்தப் பாத்துட்டு, கிளிப்புக்குப் பக்கத்துல கொஞ்சம் மூடாம நிக்குது, விட்டா மறுபடியும் புடைச்சு வெடிக்கும், திரும்பவும் திறக்கணும்னுட்டாரு. வியாழக்கிழமை வந்து சேரச் சொல்லுதாரு."

சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு உறையிலிருந்து படத்தை உருவி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்.

"ஆனா இது என் படமே இல்ல. எனக்குப் போட்டது ஒரு கிளிப்பு. வீட்ல வந்து வெளிச்சத்துல பாத்தா ரெண்டு வெள்ளை இருக்கு. எண்ணிக்கிடுங்க."

ஒரே படத்தாளில் பல கட்டங்கள் இருந்தன. முதல் கட்டம் மருந்து ஏறும் முன்னால் பக்கவாட்டில் எடுத்தது. எலும்பு, பல், கிளிப் எல்லாம் அதில் தெரிந்தது. மற்றக் கட்டங்களில் மெஷினே அவற்றையெல்லாம் கழித்துவிட்டு, ரத்தக்குழாயை மட்டும் இலையுதிர்ந்த மரம் போல விட்டிருந்தது. முதல் கட்டத்தில் மண்டைக்கு நடுவே கிளிப் பளிச்சென்று தெரிந்தது. முகத்தின் பக்கம் இன்னொரு சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தது.

"பேரு உங்க பேருதான போட்டிருக்கு?" என்றான் பத்திரகாளி.

"பேர எவனும் அடிக்கலாம்லா. டாக்டர் டெல்லிக்குப் போயிட்டாரு, புதன்கிழமைதான் வாராரு. கீழ உள்ளவன்ட்ட கேட்டா, பேர் சரியா இருக்கு, போங்கங்கான். அன்னைக்கு எனக்கு முன்னால ஒரு அம்மாவுக்கு இதே படம் எடுத்தாவ. கழுகுமலைப் பக்கம், ஆடு வச்சிருக்கவிய. பாலம்மாள்னு பேரு. அவளுக்கும் கிளிப்பு போட்ட மண்டைதான். எல்லாம் சரியாயிட்டு, போய் ஆட்டப் பாருன்னு அனுப்பிட்டாவ. ரெண்டு படமும் மாறிப் போச்சு தங்கச்சி. நீங்க அதக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

சொர்ணத்தாயின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மாறியிருந்தா வெறும் படம் மட்டும் மாறல அண்ணாச்சி. வியாழக்கிழமை உங்க மண்டையச் சும்மாத் திறப்பாவ. அந்தம்மா வெடிக்கப்போற குழாயத் தலையில வச்சுக்கிட்டு வெயில்ல ஆட்டுக்குப் பின்னால ஓடிக்கிட்டுக் கெடக்கும்."

அவள் படத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். கண் குழியைத் தாண்டி, மூக்கெலும்பு முடிகிற இடத்தையும் தாண்டி விரல் வெளியே வந்து நின்றது.

"இந்த ரெண்டாவது வெள்ளை மண்டைக்குள்ள இல்ல. மூக்கு மடல்ல இருக்கு. சதை சரியா விழாததுனால அந்தரத்துல தொங்குத மாதிரி தெரியுது. இது கிளிப்பு இல்ல அண்ணாச்சி. மூக்குத்தி."

"அப்ப பொம்பள படம்தான்" என்றார் சௌந்தரபாண்டியன். பதில் கொஞ்சம் அவசரமாகவே வந்தது. மீசையை இரண்டு தடவை தடவிவிட்டுக்கொண்டார். "நான் சொன்னேம்லா."

"ஆபரேசனுக்கு முந்தி எடுத்த படம் இருக்கா? ஒத்துப் பாத்துறலாம்."

"அது எங்க இருக்கு? போன ஆகஸ்ட்ல கிரகணம் வந்துச்சுல்லா. எக்ஸ்ரே படம் வழியாப் பாத்தா கண்ணு கெடாதுன்னு எவனோ சொல்லிட்டான். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைக பூரா வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுத்துட்டாளுவ."

"அண்ணாச்சி மண்டைக்குள்ள சூரிய வெளிச்சம் போனது அன்னைக்குத்தானா?" என்றான் பத்திரகாளி.

சௌந்தரபாண்டியன் சிரித்தார். போன வாரத்துக்குப் பிறகு அவர் சிரிப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். மூக்குத்தி அவர் மனதில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்திருந்தது. படியிறங்கும்போது கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.

பத்திரகாளியின் டிவிஎஸ் ஃபிப்டி இரண்டு பேரைச் சுமக்கும், ஆனால் அதற்குரிய முனகலை வழியெல்லாம் முனகும். கழுகுமலை ரோட்டில் கரிசல் வெடித்துக் கிடந்தது. சோளம் அறுத்த தட்டைகள் மட்டும் நின்றன. மற்ற இடமெல்லாம் வேலிக்கருவை. படத்தாள் உறையை மடியில் வைத்துக் காற்றில் பறக்காமல் பிடித்திருந்தாள் சொர்ணத்தாய்.

"யக்கா, ஒரு சந்தேகம். ஒருத்தர்ட்ட போய் உங்க தலை மாறிப்போச்சுன்னு எப்படிச் சொல்லுதது?"

"நீ வாயத் திறக்காத. அதுவே பாதி நல்ல சேதி."

"நான் திறக்கல. அந்தம்மாவுக்குத்தான் திறக்கச் சொல்லுவாவ போலிருக்கு."

அவள் அவன் முதுகில் உறையால் ஒரு அடி கொடுத்தாள். வாயடித்தாலும் அவனுக்கும் கலக்கம்தான். இல்லாவிட்டால் பள்ளம் மேடு பார்க்காமல் அப்படி விரட்டியிருக்க மாட்டான்.

பாலம்மாள் அறுத்த காட்டில் ஆடுகளை விட்டுவிட்டுத் தலையில் துண்டைப் போட்டு நின்றுகொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததுமே பத்திரகாளி வண்டியை நிறுத்தினான். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்னியது.

"கேஸ் முடிஞ்சுது" என்று முணுமுணுத்தான்.

"படத்துல ஒண்ணுதான இருக்கு?"

"பக்கவாட்டுல எடுத்தா ஒண்ணு மேல ஒண்ணு விழும்கா. துப்பறியுத ஆளு நீங்களா நானா?"

சொல்வதில் நியாயம் இருந்தது. அதுதான் சொர்ணத்தாய்க்கு எரிச்சல். பக்கத்தில் போய் நலம் விசாரித்து, மதுரையில் படம் எடுத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன் தாயி. தலவலி கிலவலி ஒண்ணும் இல்ல" என்றாள் பாலம்மாள்.

"படம் எடுக்கும்போது மூக்குத்தி போட்டிருந்தீயளா?"

"விடுவாவளா? கம்மல், மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாத்தையும் கழத்துன பெறவுதான் உள்ளயே விட்டா அந்த நர்சு. மூக்குத்தி திருகு வரமாட்டேன்னுட்டு. சோப்புத் தண்ணி போட்டுக் கழத்தி, இவிய கையில குடுத்தா."

'இவிய' என்று அவள் காட்டியது வரப்பில் உட்கார்ந்திருந்த புருஷன் நந்தகோபாலை. அவர், படம் இருக்கிறது என்று பக்கத்திலேயே இருந்த வீட்டுக்குப் போய், கூரையில் செருகியிருந்த மஞ்சள் பையை எடுத்து வந்தார். அதற்குள் பாலம்மாளின் படம் இருந்தது. சொர்ணத்தாய் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கிளிப் இருந்தது. முகத்தின் பக்கம் புள்ளி எதுவும் இல்லை. இன்னொன்றும் அதில் இல்லை: மேல்வரிசை முன்பற்கள். அவை இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

"அம்மா, ஒரு தடவ சிரிங்க" என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு பாலம்மாள் சிரித்தாள். மேலே முன்பல் ஒன்றுகூட இல்லை. "கிடாய் முட்டிப் போச்சு. அதான் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கது."

சௌந்தரபாண்டியன் கொடுத்த படத்தில் பல்வரிசை முழுசாக இருந்தது. சந்தேகமே இல்லை. கூரையில் செருகியிருந்தது பாலம்மாளின் மண்டைதான். டாக்டர் சரியாகிவிட்டது என்று சொன்னதும் அவளைத்தான். சொர்ணத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். எதற்கென்று பாலம்மாளுக்கு விளங்கவில்லை. கை வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"அன்னைக்கு வேற யாருக்காவது படம் எடுத்தாவளா?"

"நானும் அந்த முதலாளியுந்தான். பாவம், எனக்கு எடுத்துட்டு வெளிய வந்ததுல இருந்து, வலிச்சுதா, உள்ள பயமா இருந்துச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு."

பத்திரகாளி இந்தத் தடவை வாயடிக்கவில்லை. "அப்ப இந்த மூக்குத்தி போட்ட மண்டை யாரு மண்டைக்கா?" என்றான்.

நந்தகோபால் படத்தை வாங்கிப் பைக்குள் வைக்கக் குனிந்தார். வெயில் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தது. மூக்கு மடலில் தூர்ந்து போன ஒரு துளையின் தடம் தெரிந்தது. சொர்ணத்தாய் அதையே பார்த்தாள்.

"அண்ணே, மூக்குல என்ன?"

அவர் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார். பாலம்மாள்தான் சொன்னாள். "இவியளுக்கு முன்னால பொறந்தது எதுவும் தங்கல. அதான் பொறந்தவுடனே மூக்கக் குத்தி விட்டுட்டாவ. பொம்பளப் பிள்ளன்னு நெனச்சு எமன் தொடாமப் போயிருவான்லா. கல்யாணத்துக்கு முந்திதான் கழத்துனாவ. இல்லன்னா நான் கட்டியிருக்க மாட்டேன்."

சொர்ணத்தாய்க்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இந்தச் சீமையில் தெருவுக்கு ஒரு மூக்காண்டி, மூக்கையா உண்டு. அது எப்படி வந்த பெயர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூக்குத்தி என்றதும் பெண் என்று முடிவு கட்டிவிட்டாளே. அதுவும் பத்திரகாளி என்று பெயர் வைத்த ஒரு மீசைக்காரனை நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"ஏலே காளி, வண்டிய எடு. மண்டைக்காரர் வீட்டுக்குப் போவோம்."

"எந்த மண்டைக்காரர்?"

"நம்மள அனுப்பி வச்சவரு."

சௌந்தரபாண்டியன் வீடு தீப்பெட்டி ஆபீஸை ஒட்டியே இருந்தது. அவர் ஆபீஸில் இருந்தார். அவர் மனைவி கல்யாணசுந்தரிதான் கதவைத் திறந்தாள். சொர்ணத்தாய்க்கு அதுதான் வேண்டியிருந்தது.

"மதினி, கிரகணத்துக்கு வெட்டுன படத்துல ஒரு துண்டாவது மிச்சம் இருக்குமா?"

கல்யாணசுந்தரி கொஞ்சம் தயங்கினாள். பிறகு தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்து ஒரு துண்டை எடுத்தாள்.

"பிள்ளைக வெட்டும்போது முகத்துப் பக்கம் கத்திரி வந்துச்சு. இவியளயே வெட்டுத மாதிரி இருந்துச்சு எனக்கு. இது எனக்குன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். கிரகணத்தன்னைக்கு அதுல பாத்தேன், இவியதான் தெரிஞ்சாவ, சூரியன் தெரியல" என்றாள்.

சொர்ணத்தாய் புதுப் படத்தை ஜன்னலில் வைத்து, துண்டைப் பக்கத்தில் பிடித்தாள். அதே நெற்றி, அதே பல்வரிசை. மூக்கு மடலில் அதே இடத்தில் அதே வெள்ளைப் புள்ளி. கிளிப் மண்டைக்குள் போவதற்கு முன்னாலேயே அந்தப் புள்ளி மூக்கில் இருந்திருக்கிறது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சௌந்தரபாண்டியன் வந்து நின்றார். ஜன்னலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு முன்னால வீட்ல எத்தன பிள்ள தங்கல?" என்றாள் சொர்ணத்தாய்.

"மூணு" என்றார். மனைவியின் பக்கம் திரும்பாமலே பேசினார். "அம்மா எனக்கு மூக்குக் குத்திவிட்டா. பள்ளிக்கூடத்துல பயலுவ கேலி பண்ணுனதுல ஒரு நாள் பிடிச்சு இழுத்தேன். ரத்தமாப் போச்சு. கையில வந்த கல்லக் கண்மாயில எறிஞ்சிட்டேன். திருகும் அதோட எங்கயோ விழுந்துட்டுன்னு நெனச்சேன். பெறவு புண்ணு ஆறிப்போச்சு, நானும் யாருட்டயும் சொல்லல."

"காலையில நான் மூக்குத்தின்னு சொன்னதும் உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு. வெளிய காட்டிக்கிடல."

"நல்லாருக்கு. ஒரு பாவப்பட்ட பொம்பளைக்குத் தலை வெடிக்கப்போவுதுன்னு நாங்க வெயில்ல ஓடுதோம். நீங்க மீசையத் தடவிக்கிட்டு இருந்திருக்கீய." அவள் கோபமாகத்தான் சொன்னாள். கோபம் பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

"ஒரு நாளு தங்கச்சி. ஒரே ஒரு நாளு இது வேற ஆளு தலையா இருந்துட்டுப் போவட்டும்னு பாத்தேன்." அவர் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார். "எமன் கண்ணுல படக்கூடாதுன்னு அம்மா போட்டத நானே பிச்சு எறிஞ்சேன். ஜூலையில விழுந்தப்பவே நெனச்சேன், இவ்வளவு நாள் கழிச்சு இப்பத்தான் என்னக் கண்டுபிடிச்சிருக்கான்னு. எப்படியோ ஒரு தடவ தப்பிச்சிட்டேன். மறுபடியும் போய்ப் படுத்தா விடமாட்டான். அதான் போவ மனசு வரல."

தீப்பெட்டி ஆபீஸ் ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பத்திரகாளி எதையோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று மூடிக்கொண்டான்.

சொர்ணத்தாய் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்க எங்க அண்ணாச்சி பிச்சு எறிஞ்சீய? கல்லு மட்டுந்தான் போச்சு. உங்கம்மா போட்ட திருகு இங்கன இருக்கு. கழறவே இல்ல. ஜூலையில நீங்க விழுந்தப்பவும் இங்கனதான் இருந்துச்சு. உங்க மண்டையத் திறந்து மூடுத வரைக்கும் இங்கனதான் இருந்துச்சு. நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருடைய தலை இல்லை என்று காலையில் சத்தியம் செய்த படம் அது. விரல் தானாக மூக்கு மடலுக்குப் போனது. தடவித் தடவி, ஒரு இடத்தில் நின்றது.

"அரிசி மாதிரி கட்டியா இருக்கு" என்றார். "மருன்னு நெனச்சேன்."

கல்யாணசுந்தரி அவர் விரலை விலக்கிவிட்டுத் தானும் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் நீர் இருந்தது, வாயில் சிரிப்பும் இருந்தது.

"இத்தன வருசமா மூக்குத்தி போட்ட ஆளோடயா குடும்பம் நடத்தியிருக்கேன்? எனக்கு ஒரு வைர மூக்குத்தி கேட்டதுக்கு, வீட்ல நகை எதுக்குன்னீங்களே."

"அண்ணாச்சி தனக்கு இருக்குல்லான்னு சும்மா இருந்துட்டாரு மதினி" என்றான் பத்திரகாளி. அதற்கு மேல் அவனால் அடக்கியிருக்க முடியாது.

சௌந்தரபாண்டியன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படத்தை ஜன்னலில் இருந்து தானே எடுத்து, மடங்காமல் உறைக்குள் வைத்தார்.

"மதுரைக்குப் போன் போடு. வியாழக்கிழமை வாரோம்னு சொல்லு" என்றார் மனைவியிடம். பிறகு சின்னப் பிள்ளையைப் போல ஒரு கவலை முகத்தில் வந்தது. "ஆபரேசனுக்கு முந்தி, உடம்புல கெடக்குற நகை எல்லாத்தையும் கழத்தச் சொல்லுவாவளே."

கல்யாணசுந்தரி டெலிபோனை எடுத்துவிட்டாள். எண்ணைச் சுழற்றிக்கொண்டே சொன்னாள்.

"மத்தது எல்லாத்தையும் நான் கழத்தி வாங்கிக்கிடுதேன். இத மட்டும் கழத்த முடியாதுன்னு டாக்டர்ட்ட நானே சொல்லுதேன். உங்கம்மா போட்டது, அது கழறாதுன்னு சொல்லுதேன்" என்றவள், ஒரு கணம் நின்று, "எங்க அத்தை போட்டது" என்று திருத்திக்கொண்டாள்.